நிறத்தை நாம் மாற்றினோமா, தானாக மாறியதா?

‘ஏலம் ஏலத்துக்கு வரும் ஊர்’ என்று போடிநாயக்கனூரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் கேரளத்தின் புற்றடியிலும் இங்கும் நடைபெறுகிறது. போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, உடும்பன்சோலை மலைச்சரிவுகளில் விளையும் காய், மலையிறங்கி வந்து இங்குள்ள கிடங்குகளில் பெண்களின் கையால் தரம் பிரிக்கப்படுகிறது. காயின் பருமனோடு பச்சை நிறமும் விலையைத் தீர்மானிக்கிறது. ஆகவே அந்தப் பெண்களுக்குப் பச்சை என்பது ஒரே நிறமன்று. கரும்பச்சை, இளம்பச்சை, வெளிறிய பச்சை, வெயில் பட்டு மங்கிய பச்சை என ஒவ்வொன்றும் அவர்களுக்கு வேறு வேறு காய்.

அவ்வாறு முப்பது ஆண்டுகளாகக் காய் பிரித்துவந்த ஓர் அம்மையார் நுரையீரல் காசநோய்க்காக எங்களிடம் சிகிச்சை பெற்றார். வயது அறுபதை நெருங்கியவர். அவருடைய இசைவுடன், பெயரைத் தவிர்த்து இதனை எழுதுகிறோம். இக்கட்டுரை பூத்தையலைப் பற்றியது. அதிலும் அச்சிட்ட மாதிரிப்படத்தின் நிறங்களையும் தையல்களையும் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்வதைப் பற்றியது. மருத்துவர்கள் ஏன் இதை எழுத வேண்டும் என்பது பிற்பகுதியில் விளங்கும்.

வீட்டில் சும்மா படுத்திருக்க வேண்டாம் என்று மகள் அவருக்கு ஒரு தலையணை உறைக்கான குறுக்குத் தையல் மாதிரியை வாங்கித் தந்திருந்தார். பள்ளித் தையல் வகுப்பில் ‘கிராஸ் ஸ்டிட்ச்’ என்று நம்மில் பலர் கற்றதே அது. கட்டங்கட்டமாக நெய்த மேட்டித் துணியில், ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. படத்தில் இருந்தது மூன்று சிவப்புகளில் ஒரு ரோஜாக் கொத்து. இரண்டாம் முறை எங்களைக் காண வந்தபோது துணியை விரித்துக் காட்டினார். ரோஜா இல்லை. இலைகளுக்கு நடுவே வெள்ளையாகச் சிறு பூக்கள் இருந்தன.

“ரோசாவ வளத்துப் பாத்தவங்க தைக்கட்டும், டாக்டரம்மா. எனக்குத் தெரிஞ்சது ஏலப்பூதான்” என்றார்.

அவர் செய்த மாற்றத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். நீண்ட சிகிச்சையில் இருப்போர் பலர் கைவேலை ஒன்றைத் தொடங்கி, படத்தில் உள்ள நூல் கடையில் கிடைக்கவில்லை என்றோ, படம் தமக்குப் பிடிக்கவில்லை என்றோ பாதியில் மூட்டைகட்டி விடுகிறார்கள். மாதிரிப்படம் மருந்துச் சீட்டு அன்று. அதில் மாற்றக்கூடாதது மிகச் சிலவே.

முதலாவது, வெளிச்சமும் நிழலும் அமைந்த வரிசை. ரோஜாவில் வெளிர் சிவப்பு, நடுச் சிவப்பு, அடர் சிவப்பு என மூன்று இருந்தால், அவற்றுக்கு ஈடாக எந்த மூன்று நிறங்களையும் வைக்கலாம். ஆனால் வெளிர் நின்ற இடத்தில் வெளிரும், அடர்த்தி நின்ற இடத்தில் அடர்த்தியும் நிற்க வேண்டும். அந்த வரிசை பிறழ்ந்தால் இதழ் மடிந்து நிற்பதற்குப் பதிலாகத் தட்டையாகப் படுத்துவிடும். தேர்ந்தெடுத்த நூல் லச்சிகளை அருகருகே வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் வரிசை சரியா என்பது தெரிந்துவிடும். கறுப்பு வெள்ளையில் இரண்டு லச்சிகள் ஒன்றுபோல் தோன்றினால், துணியிலும் அவை சற்றுத் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். நம் அம்மையாருக்குக் கைப்பேசி தேவைப்படவில்லை. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் நான்கு பச்சைகளைக் கண்ணாலேயே வரிசைப்படுத்தினார்.

இரண்டாவது சிக்கல் அவருடைய பூவிலேயே இருந்தது. ஏலப்பூ வெள்ளை; மேட்டித் துணியும் வெள்ளை. வெள்ளையின் மேல் வெள்ளையைத் தைத்தால் உழைப்பு மட்டுமே மிஞ்சும். அவர் இதழ்களைப் பெருக்கல் குறிகளால் நிரப்பி, விளிம்பை மட்டும் வெளிர்பச்சை ஒற்றை இழையில் பின் தையலால் சுற்றிக் கோடிட்டார். ஏலப்பூவின் நடு இதழில் ஊதா நரம்புகள் ஓடும். நேரில் கண்டவர்களுக்குத் தெரியும். அந்நரம்புகளை ஊதா ஒற்றை இழையில் நேர்த் தையலாகப் பெருக்கல் குறிகளின் மீதே இழுத்தார். அச்சிட்ட படத்தில் இல்லாத பொருள் அங்கேதான் பிறந்தது. இலையின் நடுநரம்பு காம்புத் தையல். இலையின் நிழற்பக்கத்தில் முழுப் பெருக்கல் குறியின்றி ஒரு சாய்கோடு மட்டும் இட்ட அரைத் தையல். துணி ஊடே தெரிவதால் அதே நூல் அங்கே வெளிறித் தோன்றும். புதிய நிறம் வாங்காமலே ஒரு நிறம் கூடுதலாகக் கிடைத்தது. பூச்சரம் செடியின் அடியிலிருந்து மண்ணையொட்டிப் படரும் என்பதால், படத்தில் மேல்நோக்கி நின்ற காம்புகளைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டார். பூத்தையல் நூலைப் பற்றி எங்களுக்கும் அன்றுதான் சில தெரிந்தன: கடையில் கிடைக்கும் லச்சியின் நூல் ஆறு இழை கொண்டது, அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணியில் இரண்டு இழையும், 11 கட்டமுள்ள துணியில் மூன்று இழையும் கோத்தால் கட்டம் நன்கு நிரம்பும்.

துணியைப் பற்றி ஒரு சொல். வயதானவர்களும் சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர்களும் 11 கட்டத் துணியையே வாங்குங்கள். எழுபது கட்ட அகலமுள்ள படம் 14 கட்டத் துணியில் 5 அங்குலம் வரும். 11 கட்டத் துணியில் ஆறேகால் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். படம் பெரிதாவதைத் தவிர இழப்பு ஒன்றுமில்லை. முனை மழுங்கிய ஊசி போதும். துளைகள் துணியிலேயே உள்ளன. பெருக்கல் குறியின் மேற்கோடுகள் யாவும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கட்டத்தையும் இழையையும் எண்ணித் தைப்பது நமக்கு அயலான கலை அன்று. நீலகிரியின் தோடர் பெண்கள் வரைந்த படம் ஏதுமின்றி, வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கின்றனர்; அதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கு நெருக்கமானது தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் கதை. மருத்துவர் ரெஜி ஜார்ஜ், மருத்துவர் லலிதா ரெஜி தம்பதியர் 1990களின் தொடக்கத்தில் அங்கே பழங்குடியினருக்கான மருத்துவமனையைத் தொடங்கினர். பின்னாளில், ஏறத்தாழ மறைந்துபோயிருந்த லம்பாடித் தையலை மூத்த பெண்கள் சிலரிடமிருந்து இளையவர்கள் கற்றனர். ‘போர்கை’ என்ற பெயரில் அப்பெண்களின் அமைப்பு உருவாயிற்று. அச்சொல்லுக்கு அவர்கள் மொழியில் பெருமை என்று பொருள். மருத்துவமனையும் ஊசிநூலும் ஒரே ஊரில் சேர்ந்து நின்றமைக்கு இதைவிட நல்ல சான்றை நாங்கள் அறியோம்.

இனி, அம்மையாரின் கரைவேலை. காசநோய்க்கான வழக்கமான சிகிச்சை 168 நாள் மாத்திரைகள்: முதற்கட்டத்தில் 56, அடுத்த கட்டத்தில் 112. இந்தக் கணக்கை எங்கள் செவிலியர் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மையார் எழுபது கட்டப் படத்தைச் சுற்றிப் பக்கத்துக்கு 84 கட்டமாக ஒரு சதுரம் வகுத்து, ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் தைத்தால் பக்கத்துக்கு 42, நான்கு பக்கமும் சேர்த்து 168 என்று கண்டுபிடித்தார். நாள்தோறும் மாத்திரை விழுங்கியதும் ஒன்று. முதல் 56 நாளும் சிறு பெருக்கல் குறி. சளிப் பரிசோதனை நன்றாக வந்து, நான்கு மருந்து மூன்றாகக் குறைந்த நாளிலிருந்து பிரெஞ்சு முடிச்சு. ஊசியில் நூலை இருமுறை சுற்றி, புகுந்த துளைக்கு அருகிலேயே இறக்கும் அந்த முடிச்சு, துணியின் மேல் ஏலவிதை போல உருண்டு நிற்கும். மாத்திரை விழுங்கினாரா என்று மகள் கேட்பதை நிறுத்திவிட்டார். துணியைப் பார்த்தால் போதும்.

கரைக்குள் செய்தியை ஒளிப்பதில் உலகப் புகழ்பெற்றவர் ஒருவர் உண்டு. 1941இல் ஜெர்மானியரின் போர்க் கைதியாக இருந்த பிரிட்டானியப் படை அதிகாரி அலெக்சிஸ் காஸ்டாக்லி, குறுக்குத் தையலில் ஒரு துணி தைத்து, அதன் கரையில் புள்ளியும் கோடுமாகத் தந்திக் குறிகளில் ஹிட்லரைத் திட்டியிருந்தார். அது விளங்காத காவலர்கள் அதைக் கைதியின் நல்ல கைவேலை என்று முகாம்களில் காட்சிக்கு வைத்தனர். அம்மையாரிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார்.

உறவினர் சிலர் அந்தத் துணியைத் தொடத் தயங்கியதாக மகள் வருந்திச் சொன்னார். அழுத்தமாகவே சொல்கிறோம்: காசநோய் இருமல், தும்மல் வழியாகக் காற்றில் பரவுவது. நோயாளி தைத்த துணியாலோ அவர் தொட்ட தட்டாலோ பரவாது.

ஐந்தாம் மாதம் அவர் வந்தபோது கரை மூன்று பக்கங்களை முடித்து நான்காம் பக்கத்தில் திரும்பியிருந்தது. உள்ளே, வலது கீழ் மூலையில் புதிதாக மூன்று இலைகள். அவை பச்சையாக இல்லை. செங்கல் கலந்த பழுப்பாக இருந்தன. நிறத்தை மாற்றுவதில் அவருக்கிருந்த துணிவை ஐந்து மாதங்களாக வியந்தவர்கள் நாங்கள். “காய்ந்த இலையா? அழகாக இருக்கிறதே” என்றோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. மரியாதைக்காகச் சிரித்தார் என்று இப்போது புரிகிறது. அடுத்த நோயாளியை அழைத்துவிட்டோம்.

மருந்தக வரிசையில் நின்ற மகள்தான் திரும்பி வந்தார். “அம்மா அதைப் பச்சைன்னு நினைச்சுத்தான் தைச்சிருக்காங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க” என்றார்.

அம்மையாரைச் சன்னலோரம் அமர்த்திப் பையிலிருந்த லச்சிகளை மேசையில் பரப்பினோம். வெள்ளையையும் ஊதாவையும் உடனே எடுத்தார். பச்சையை எடுக்கச் சொன்னபோது கை பழுப்பின் மீது சென்றது. பிறகு பச்சைக்கு வந்தது. மறுபடியும் பழுப்புக்குப் போனது. “கொஞ்ச நாளா எல்லாமே மங்கலாத்தான் இருக்கு. வயசாச்சேன்னு விட்டுட்டேன்” என்றார். முப்பது ஆண்டு பச்சையைப் பிரித்த கண்கள் அவை. அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பினோம். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்த எண்ணைப் படிக்கும் பரிசோதனையில் அவரால் பெரும்பாலானவற்றைப் படிக்க இயலவில்லை. பார்வைக் கூர்மையும் இரு கண்களிலும் குறைந்திருந்தது.

காசநோய் மருந்துகளில் எத்தாம்பியூட்டால் என்பது ஒன்று. மிகப் பயனுள்ள மருந்து. பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் சிலருக்கு அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. பெரும்பாலும் இரண்டு மாதங்களுக்குப் பின்னரே தோன்றும், வலி இராது, கண் சிவக்காது. தொடக்க அறிகுறிகளில் முக்கியமானது சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்த இயலாமை. இந்த மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும் முதியோர்க்கும் ஆபத்து கூடுதல். உரிய காலத்தில் நிறுத்தினால் பலருக்குப் பார்வை படிப்படியாகத் திரும்புகிறது. தாமதித்தால் இழப்பு நிலைத்துவிடவும் கூடும். ஒவ்வொரு மாதமும் ‘பார்வை எப்படி இருக்கிறது’ என்று நாங்கள் கேட்டதுண்டு. ‘நல்லாருக்கு’ என்ற விடையோடு நின்றுவிட்டோம். கேட்க வேண்டிய கேள்வி துணியில் விரிந்து கிடந்தது. அதைப் பாராட்டிவிட்டு அனுப்பினோம். மகள் திரும்பி வராதிருந்தால் இன்னும் ஒரு மாதம் அம்மருந்து உள்ளே சென்றிருக்கும்.

ஆகவே இதைப் படிக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தையலில் நிறம் மாறியிருப்பதைக் கண்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு முன் ‘ஏன் மாற்றினீர்கள்’ என்று கேளுங்கள். ‘எனக்குப் பிடித்தது’, ‘அந்த நூல் கிடைக்கவில்லை’ என்று விடை வந்தால் மகிழுங்கள். ‘எங்கே மாற்றினேன்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் அன்றே எங்களிடம் அழைத்து வாருங்கள். எத்தாம்பியூட்டால் உட்கொள்பவராயின் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அதே வேளையில், அச்சத்தால் காசநோய் மாத்திரைகள் முழுவதையும் தாமாகக் கைவிட்டுவிடவும் வேண்டாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை உடனே முடிவு செய்வது எங்கள் பொறுப்பு.

வீட்டில் செய்யத்தக்க எளிய வழியும் உண்டு. சிகிச்சை தொடங்கும் வாரத்தில் சிவப்பு, பச்சை, பழுப்பு, நீலம், மஞ்சள் என ஐந்து நூல் துண்டுகளை ஓர் அட்டையில் கட்டி, பெயரைப் பின்புறம் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நிறங்களைச் சொல்லச் சொல்லுங்கள். மஞ்சள் குண்டு பல்பின் ஒளியில் எவரும் தடுமாறுவார்கள். அதை வைத்துப் பதற வேண்டாம். இது மருத்துவமனைப் பரிசோதனைக்கு ஈடாகாது. இதில் தவறாமல் சொன்னாலும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் வந்துவிடுங்கள்.

நிறம் தடுமாறும் எல்லோருக்கும் காரணம் இம்மருந்து அன்று. பிறவியிலேயே சிவப்பு பச்சை வேறுபாடு குறைந்தவர்கள், குறிப்பாக ஆண்கள், நம்மிடையே உண்டு; அவர்கள் லச்சியின் தாள்பட்டையில் அச்சிட்ட எண்ணைக் கழற்றிவிடாமல் வைத்துக்கொண்டால் எந்தப் படமும் தைக்கலாம். முதியோரின் கண்வில்லை மஞ்சளாகும்போது நீலமும் பச்சையும் நெருங்கிவரும்; கண்புரை அறுவைக்குப் பிறகு, முன்பு தேர்ந்த நூல் எல்லாம் நீலம் பூத்ததாகத் தோன்றிச் சிலர் திகைப்பதுண்டு.

விரல்களும் செய்தி சொல்லும். ஐசோநையசிட் என்ற காசநோய் மருந்து சிலருக்குக் கைகால் நரம்புகளைப் பாதித்து மரமரப்பைத் தரும். அதைத் தடுக்கவே பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமினைச் சேர்த்துத் தருகிறோம். சர்க்கரை நோயாளருக்கும் இந்த மரமரப்பு வருவதுண்டு, அவர்களுக்குப் பெரும்பாலும் காலில் தொடங்கும். துணியில் இரத்தப் புள்ளி இருக்கிறது, ஊசி குத்தியதே தெரியவில்லை என்றால், கறையைக் குளிர்ந்த நீரில் அலசுவதோடு நிறுத்தாமல் எங்களிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் சிலர் படத்தின் இடப்பாதியைத் தைக்காமலே ‘முடிந்தது’ என்பார்கள். அது சோம்பலோ புதுமையோ அன்று, மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்கத் தவறுவது.

அலசுவதைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடர் சிவப்பும் அடர் ஊதாவும் சாயம் விடலாம். தைப்பதற்கு முன்பே நனைத்த வெள்ளைத் துணியில் நூலை அழுத்திப் பாருங்கள். அம்மையாரின் ஊதா சாயம் விடவில்லை.

அவருக்கு எத்தாம்பியூட்டாலை அன்றே நிறுத்தி, மற்ற மருந்துகளுடன் சிகிச்சையைத் தொடர்ந்தோம். 168ஆம் முடிச்சு உரிய நாளில் விழுந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. பார்வை அவ்வளவு விரைவாகத் திரும்பவில்லை. இரண்டு மாதத்தில் செய்தித்தாள் படித்தார். மூன்றாம் மாதம் பழுப்பையும் பச்சையையும் தயக்கமின்றிப் பிரித்தார். கிடங்கு வேலைக்கு இன்னும் போகவில்லை. சென்ற முறை வந்தபோது, தாமே நான்கு பச்சை லச்சிகளை எங்கள் மேசையில் வரிசைப்படுத்திக் காட்டினார். வெளிறிய இரண்டும் இடம் மாறியிருந்தன. சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தோம்; எங்கள் கண்ணுக்கும் அவ்விரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மகள்தான் எண்ணைப் படித்துச் சொன்னார்.

மூலையிலுள்ள மூன்று பழுப்பு இலைகளைப் பிரித்துவிட்டுப் பச்சையில் தைக்கப் போகிறீர்களா என்று கேட்டோம். “இருக்கட்டும் டாக்டரம்மா, அதச் சுத்தி மட்டும் ஒரு கோடு போட்டுடுறேன்” என்றார். கரும்பச்சை ஒற்றை இழையில், பின் தையல்.